பத்துக்குப் பத்து அறைக்குள் ஒரு வளிமண்டலம்

பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரம் உள்ள ஓர் அறையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். திருகோணமலையில் பிள்ளைகள் இருந்து படிக்கும் அறைகள் பெரும்பாலும் இந்த அளவுக்குக் கிட்டவே இருக்கும். அதில் ஏறத்தாழ 28 கனமீற்றர் வளி நிறைந்திருக்கிறது. வெப்பநிலை 30 பாகை செல்சியசாக இருக்கும்போது அவ்வளியின் திணிவு சுமார் 33 கிலோகிராம், அதாவது ஒரு சீமெந்து மூட்டையின் மூன்றில் இரண்டு பங்கு. வெறும் அறை என்று நாம் சொல்வது இதைத்தான்.

அந்த அறையின் வளி எவற்றால் ஆனது, அவை எங்கிருந்து வந்தன, மனிதர் அவற்றை எதற்குப் பயன்படுத்துகின்றனர் என்பவற்றைச் சமையலறைப் பொருள்களையும் மருந்துக்கடையில் கிடைக்கும் ஒரு போத்தலையும் கொண்டு தாமே செய்து பார்க்க விரும்பும் சாதாரண தர மாணவர்களுக்கும், அவர்களுக்குத் துணையிருக்கும் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் உரியது இந்த வழிகாட்டி. பாடப்புத்தகத்தின் சதவீத அட்டவணையைப் பார்க்கும் மாணவர் வளிமண்டலம் என்றைக்கும் அப்படியே இருந்தது என்று எண்ணிவிடுகிறார். உண்மையில் அது, சுமார் 454 கோடி ஆண்டுகளாகப் பாறையும் கடலும் உயிரினங்களும் எடுத்ததும் கொடுத்ததும் போக இன்றைக்கு மிஞ்சியிருக்கும் இருப்பு. ஆகவே ஒவ்வொரு செய்முறையிலும் ஒரு வாயு எவ்வளவு இருக்கிறது என்று கேட்பதோடு, அது எங்கே போய்ச் சேருகிறது என்றும் கேட்டுக்கொண்டே செல்ல வேண்டும்.

அறையின் கணக்கு

முதலில் ஒரு கொப்பியில் இந்தக் கணக்கை எழுதிக்கொள்ளுங்கள். ஈரத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், அறையிலுள்ள 28,300 லீற்றர் வளியில் நைதரசன் 78.08 சதவீதம், அதாவது சுமார் 22,100 லீற்றர், ஒட்சிசன் 20.95 சதவீதம், சுமார் 5,930 லீற்றர்; ஆகன் 0.93 சதவீதம், சுமார் 263 லீற்றர். இவற்றை அடுத்து வரும் காபனீரொட்சைட்டு வெறும் 12 லீற்றர்தான். நியோன் அரை லீற்றர், ஈலியம் 150 மில்லிலீற்றர், மெதேன் ஒரு சிறிய தேநீர்க் குவளைக்கும் குறைவாக 54 மில்லிலீற்றர்.

ஒதுக்கிவைத்த ஈரத்தைத் தனியே கணக்கிட வேண்டும். ஏனெனில் நம்முடையது கடற்கரை ஊர். வெப்பநிலை 30 பாகையும் சார்ஈரப்பதன் 75 சதவீதமும் உள்ள ஒரு நாளில் வளியின் கனவளவில் 3 சதவீதத்துக்குச் சற்று மேலே நீராவியாக இருக்கும்; அந்த அறையிலுள்ள நீராவி முழுவதையும் ஒடுக்கினால் 600 மில்லிலீற்றருக்கு மேல் தண்ணீர் கிடைக்கும். நீராவி இடம் பிடிக்கும் அளவுக்கு மற்றவற்றின் பங்கு குறைவதால், நாம் உண்மையில் சுவாசிக்கும் வளியில் ஒட்சிசன் 20.3 சதவீதம் அளவிலேயே இருக்கிறது. பனிக்கட்டி போட்ட குவளையின் வெளிப்புறத்தில் வழியும் நீர் இதற்குச் சாட்சி. வாடைக்காற்றுக் காலத்தில் ஒரு முறையும், மேற்கிலிருந்து கச்சான் காற்று வறட்சியாக வீசும் மாதங்களில் ஒரு முறையும் அதே குவளையை வைத்து, வெளிப்புறத்தில் நீர்த்துளி அரும்ப எத்தனை விநாடி ஆகிறது என்று குறித்துவைத்தால் இரண்டு காலங்களின் வேறுபாடு கொப்பியிலேயே தெரியும்.

பாதுகாப்பு

சுண்ணாம்பும் ஐதரசன் பேரொட்சைட்டும் கண்ணுக்குக் கேடு. கண்ணாடியும் கையுறையும் அணியாமல் இவற்றைத் தொடக்கூடாது. பெரியவர் ஒருவர் அருகில் இல்லாமல் நெருப்பு மூட்டக்கூடாது. வாயு உண்டாகும் எந்தப் போத்தலையும் இறுக மூடக்கூடாது.

ஒட்சிசனை இரும்பால் அளத்தல்

தண்ணீர் ஊற்றிய தட்டில் மெழுகுதிரியை ஏற்றி நிறுத்தி அதன்மேல் குவளையைக் கவிழ்த்தால், திரி அணைந்து தண்ணீர் ஐந்தில் ஒரு பங்கு ஏறும், அதுவே ஒட்சிசனின் அளவு என்று தலைமுறை தலைமுறையாகக் கற்பித்து வந்திருக்கிறோம். நானும் அப்படித்தான் கற்றேன், சில ஆண்டுகள் அப்படியே கற்பிக்கவும் செய்தேன். இந்தச் செய்முறையை விட்டுவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். மெழுகுதிரி ஒட்சிசன் முழுவதையும் தீர்த்துவிட்டு அணைவதில்லை. வளியில் ஒட்சிசன் சுமார் 16 சதவீதத்துக்கு இறங்கியவுடனேயே அணைந்துவிடும். எரிந்த ஒட்சிசனுக்குப் பதிலாகக் காபனீரொட்சைட்டும் உள்ளே வந்து சேர்கிறது. தண்ணீர் ஏறுவதற்குப் பெரும் காரணம், சுவாலையின் வெப்பத்தில் விரிந்த வளியின் ஒரு பகுதி கவிழ்க்கும்போதே வெளியேறிவிட, எஞ்சியது குளிர்ந்து சுருங்குவதுதான். ஒன்றுக்குப் பதிலாக மூன்று திரிகளை ஏற்றிப் பாருங்கள். தண்ணீர் இன்னும் உயரமாக ஏறும். அறையின் ஒட்சிசன் திரியின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கூடிவிடுமா?

இதற்கு மாற்றாக இரும்பைப் பயன்படுத்துங்கள். ஹாட்வெயார் கடையில் மரத்தை மினுக்குவதற்கென விற்கும் மெல்லிய இரும்பு நாரை வாங்க வேண்டும். பாத்திரம் தேய்க்கும் பளபளப்பான சுருள் உதவாது. அது துருப்பிடிக்காத உருக்கால் ஆனது. முதன்முறை அதைப் போட்டுவிட்டு இரண்டு நாள் நீர்மட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அனுபவம் எனக்கு உண்டு. இரும்பு நார் கிடைக்காவிட்டால் லேத் பட்டறையில் கேட்டால் இரும்புச் சீவல் தருவார்கள். நாரில் ஒரு சிறங்கை அளவு எடுத்து வினாகிரியில் இரண்டு நிமிடம் ஊறவைத்து, அதன் மேலுள்ள எண்ணெய்ப் பூச்சு நீங்கியதும் தண்ணீரில் நன்றாக அலசி உதறிக்கொள்ள வேண்டும். அலசுவதில் சோம்பல் கூடாது. மிஞ்சிய அமிலம் இரும்போடு தாக்கம் புரிந்து ஐதரசன் வாயுவை விடுவிக்கும். அந்த ஐதரசன் நீர்மட்டத்தைக் கீழே தள்ளி உங்கள் அளவீட்டைக் கெடுத்துவிடும்.

நனைந்த நாரை 100 மில்லிலீற்றர் அளவுசாடியின் அடிப்பக்கத்தில், கவிழ்த்தாலும் விழாதபடி அழுத்தி, சாடியைத் தண்ணீர்ப் பாத்திரத்தில் தலைகீழாக நிறுத்துங்கள். பாடசாலையில் அளவுசாடி இரவல் பெற முடியாதவர்கள், ஒரே அகலமுள்ள உயரமான கண்ணாடிப் போத்தலில் அடிமட்டத்தால் அளந்து நாடாவை ஒட்டிக்கொள்ளலாம். ஒரு முழு நாள் விட்டுவிட வேண்டும். மறுநாள் அளக்கும்போது, சாடியின் உள்ளேயும் வெளியேயும் நீர்மட்டம் ஒன்றாக நிற்கும்படி பாத்திரத்தில் தண்ணீரை ஊற்றிய பிறகே அளவைப் படிக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளேயிருக்கும் வாயுவின் அமுக்கம் வெளியே உள்ளதைவிடக் குறைவாக இருந்து கணக்குப் பிழைக்கும். வெப்பநிலையும் முதல் நாள் இருந்த அளவில் இருப்பது நல்லது. காலையில் தொடங்கினால் காலையிலேயே அளவுங்கள். இங்குள்ள ஈரத்தில் நீர் 20க்கும் 21க்கும் இடைப்பட்ட மில்லிலீற்றர் அளவு ஏறி நிற்பதை எதிர்பார்க்கலாம்.

சாடியில் செந்நிறமாகத் தெரிவது இரும்பு ஒட்சைட்டு. பூமியின் வரலாற்றில் இதே தாக்கம் ஒரு பெருங்கடல் அளவில் நடந்திருக்கிறது. தொடக்க கால வளிமண்டலத்தில், எரிமலைகள் கக்கிய நீராவியும் காபனீரொட்சைட்டும் நைதரசனும் இருந்தன. தனி ஒட்சிசன் இல்லை என்றே சொல்லலாம். கடல்நீரிலோ கரைந்த இரும்பு நிறைந்திருந்தது. சயனோபற்றீரியாக்கள் ஒளித்தொகுப்பினால் ஒட்சிசனை வெளிவிடத் தொடங்கியபோது அதைக் கடலின் இரும்பும் எரிமலை வாயுக்களும் உடனுக்குடன் விழுங்கிவிட்டன; அப்படிப் படிந்த இரும்பு ஒட்சைட்டுப் படைகளையே இன்று அவுஸ்திரேலியா முதலிய இடங்களில் இரும்புத் தாதாகத் தோண்டி எடுக்கின்றனர். விழுங்குவதற்கு இருந்தவை தீரத் தொடங்கிய பின்னர், சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான் ஒட்சிசன் வளியில் நிலைத்தது. இதற்குச் சான்று மணலிலேயே இருக்கிறது. நம் மாவட்டத்துப் புல்மோட்டைக் கரையில் கடல் ஒதுக்கும் கனிய மணலில் இல்மனைற்று, உரூத்தைல், சேர்க்கோன் போன்ற, காற்றும் நீரும் எளிதில் சிதைக்காத கனியங்களே உள்ளன. ஆனால் 240 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட சில ஆற்று மணற்பாறைகளில் இரும்புச் சல்பைட்டாகிய பைரைற்று மணிகள் உருண்டு தேய்ந்த நிலையில் கிடைக்கின்றன. இன்றைய ஆற்றில் உருண்டால் பைரைற்று ஒட்சியேற்றமடைந்து அழிந்துவிடும். அன்று அழியாமல் உருண்டதென்றால் அன்றைய காற்றில் ஒட்சிசன் இருக்கவில்லை.

ஒட்சிசனை உண்டாக்குதல்

மருந்துக்கடையில் '20 வொலியூம்' என்று எழுதப்பட்ட ஐதரசன் பேரொட்சைட்டுக் கரைசல் கிடைக்கும். அதன் செறிவு சுமார் 6 சதவீதம். ஒரு பங்கு கரைசல் இருபது பங்கு ஒட்சிசனைத் தரும் என்பதே அந்தப் பெயரின் பொருள். உயரமான போத்தலில் 50 மில்லிலீற்றர் ஊற்றி, இளஞ்சூட்டு நீரில் கலக்கிய அரைத் தேக்கரண்டி ஈஸ்ட்டைச் சேருங்கள். ஈஸ்ட்டிலுள்ள நொதியம் ஊக்கியாகத் தொழிற்பட்டு ஒரு லீற்றர் அளவு ஒட்சிசனை வெளியேற்றும். ஒரு தென்னை ஈர்க்கைப் பற்றவைத்து, சுவாலையை ஊதி அணைத்து, நுனியில் தணல் மட்டும் இருக்கும்போது போத்தலின் வாய்க்குள் நுழைத்தால் அது மீண்டும் சுவாலைவிட்டு எரியும். முந்திய செய்முறையில் சாடிக்குள் மிஞ்சிய வாயுவில் அதே தணலை நுழைத்தால் உடனே அணைந்துவிடும். இரண்டையும் அடுத்தடுத்துச் செய்து காட்டுவது பிள்ளைகளின் மனத்தில் நன்றாகப் பதியும்.

இலையிலிருந்து ஒட்சிசனைப் பெறுவது இதைவிட மெதுவானது. குளத்திலோ வாய்க்காலிலோ கிடைக்கும் ஐதரில்லாத் தண்டை ஒரு சிட்டிகை அப்பச்சோடா கரைத்த நீரில் தலைகீழாக அமிழ்த்தி, அதன்மேல் புனலைக் கவிழ்த்து, புனலின் காம்பில் நீர் நிறைந்த சோதனைக் குழாயை நிறுத்தி, வெயிலில் வையுங்கள். வெட்டுவாயிலிருந்து குமிழிகள் வரிசையாக எழும். ஒரு நிமிடத்துக்கு எத்தனை என்று வெயிலிலும் நிழலிலும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒளியில் மட்டுமே தாவரம் இந்த வாயுவைத் தருகிறது என்பதை இங்கன்ஹவுஸ் 1779 இல் ஏறத்தாழ இதே முறையில்தான் காட்டினார்.

இந்தக் குமிழிகளைப் பார்த்துவிட்டு, காடுகள்தாம் நாம் சுவாசிக்கும் ஒட்சிசனை அன்றாடம் ஆக்கித் தருகின்றன என்று முடிவுகட்டிவிடக் கூடாது. தாவரம் வெளிவிட்ட ஒட்சிசனை, அதே தாவரம் உக்கும்போதும் உண்ணப்படும்போதும் எரியும்போதும் திரும்ப எடுத்துக்கொள்கிறது. உக்காமல் சேற்றின் அடியில் புதையுண்ட சிறு பங்கு காபனுக்கு ஈடான ஒட்சிசன் மட்டுமே வளியில் மிஞ்சுகிறது. நிலக்கரிச் சதுப்புக் காடுகள் பெருமளவில் புதையுண்ட, சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முந்திய காலத்தில் ஒட்சிசனின் பங்கு இன்றையதைவிடக் கணிசமாக உயர்ந்திருந்ததும், சிறகு விரித்தால் 65 சென்ரிமீற்றருக்கு மேல் அகலமான தும்பி இனங்கள் அப்போது பறந்ததும் இந்தக் கணக்கின்படியே. இன்று அந்தப் புதையலைத் தோண்டி எரிப்பதனால் வளியின் ஒட்சிசன் பத்து இலட்சத்தில் சுமார் 4 பங்கு வீதம் ஆண்டுதோறும் குறைகிறது. நமது அறையில் அது ஆண்டுக்கு ஏறத்தாழ 110 மில்லிலீற்றர். இருக்கும் 5,930 லீற்றருக்கு முன்னால் அது பொருட்டே இல்லை. கவலைக்குரிய கணக்கு வேறு வாயுவினுடையது, அதற்குப் பின்னர் வருவோம்.

ஒட்சிசனின் பயன்களுள் மருத்துவமனையும், படகு எஞ்சின் பட்டறைகளில் அசற்றிலீனோடு சேர்ந்து இரும்பை உருக்கும் சுவாலையும் எல்லோரும் அறிந்தவை. 2021 இல் ஊரெங்கும் பேசப்பட்ட ஒட்சிசன் செறிவாக்கிக்குள் ஒட்சிசன் உற்பத்தியாவதில்லை. அதிலுள்ள சியோலைற்று மணிகள் அறை வளியின் நைதரசனைப் பற்றிக்கொள்ள, 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஒட்சிசன் எஞ்சி வருகிறது. நிலாவெளியில் சுழியோடிகள் முதுகில் சுமக்கும் சிலிண்டரை ஒட்சிசன் சிலிண்டர் என்று அழைக்கும் வழக்கத்தையும் திருத்திக்கொள்ள வேண்டும். அதில் பெரும்பாலும் இருப்பது அமுக்கப்பட்ட வெறும் வளி. 12 லீற்றர் கொள்ளும் சிலிண்டரில் 200 பார் அமுக்கத்தில் 2,400 லீற்றர் அடங்கும்; நமது அறையின் வளியைப் பன்னிரண்டு சிலிண்டர்களுக்குள் அடைத்துவிடலாம். ஆழத்தில் அமுக்கம் கூடும்போது இந்த வளியின் நைதரசன் இரத்தத்தில் மிகுதியாகக் கரைந்து, 30 மீற்றருக்குக் கீழே மதுமயக்கம் போன்ற ஒரு நிலையை உண்டாக்கவும், விரைவாக மேலெழுந்தால் உடலுக்குள் குமிழியாகவும் வல்லது. ஆகவேதான் சுழியோடிகள் மெதுவாக ஏறுகின்றனர்.

மிஞ்சிய வாயு: நைதரசன்

இரும்பு நார்ச் சாடியில் மிஞ்சியது பெரும்பாலும் நைதரசன். அது எதனோடும் சேர விரும்பாத வாயு. இரண்டு அணுக்களும் மும்மைப் பிணைப்பால் இறுகக் கட்டுண்டிருப்பதே காரணம். இந்தச் சோம்பல்தான் அதன் சந்தை மதிப்பு. பொரியல் பைகளுக்குள் எண்ணெய் காறாமல் இருக்க அதை நிரப்புகிறார்கள். கால்நடை வைத்தியர் சினைப்படுத்தலுக்குக் கொண்டுவரும் விந்துக் குச்சிகள், மறை 196 பாகையில் கொதிக்கும் திரவ நைதரசனுக்குள் கெடாமல் கிடக்கின்றன.

இந்தப் பிணைப்பை உடைக்கும் கலையை உயிருள்ள வேரில் பார்க்க, பூத்துக் குலுங்கும் ஒரு கச்சான் செடியை மண் உதிராமல் கிண்டி எடுத்து, வேரைத் தண்ணீரில் மெல்ல அலச வேண்டும். (கச்சான் என்று இங்கே காற்றையும் சொல்வார்கள், நிலக்கடலையையும் சொல்வார்கள், இரண்டுமே இந்தக் கட்டுரைக்கு உரியவைதாம்.) வேரில் கடுகளவு முடிச்சுகள் தெரியும். ஒன்றைச் சவர அலகால் குறுக்கே வெட்டினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். அந்த நிறம் நமது குருதியின் ஈமோகுளோபினுக்கு உறவான ஒரு புரதத்தினுடையது; முடிச்சுக்குள் வாழும் பற்றீரியாவின் நொதியத்தை ஒட்சிசன் கெடுத்துவிடாமல் அது காக்கிறது. பச்சையாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் அந்த முடிச்சின் வேலை முடிந்துவிட்டது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பற்றீரியா மண்ணின் வெப்பநிலையில் செய்வதை மனிதர் செய்வதற்கு 400 முதல் 500 பாகை வெப்பமும், 150 வளிமண்டலத்துக்கு மேற்பட்ட அமுக்கமும், இரும்பு ஊக்கியும் தேவைப்பட்டன. ஹேபர் 1909 இல் ஆய்வுகூடத்தில் நைதரசனையும் ஐதரசனையும் சேர்த்து அமோனியாவாக்கிக் காட்ட, பொஷ் அதைத் தொழிற்சாலை அளவுக்கு உயர்த்தி 1913 இல் ஜேர்மனியின் ஒப்பாவில் உற்பத்தியைத் தொடங்கினார். அந்த அமோனியாவைக் காபனீரொட்சைட்டுடன் சேர்த்தால் யூரியா. கந்தளாயிலும் தம்பலகாமத்திலும் வயலுக்கு இறங்கும் 50 கிலோகிராம் யூரியா மூட்டையில் 46 சதவீதம், அதாவது 23 கிலோகிராம் நைதரசன் இருக்கிறது. அவ்வளவு நைதரசனை வளியிலிருந்து பிரித்தெடுக்க 26 கனமீற்றர் வளி வேண்டும். நமது பத்துக்குப் பத்து அறை ஏறத்தாழ ஒரு மூட்டை யூரியாவுக்குச் சமம்! 2021 இல் இரசாயன உர இறக்குமதி தடைப்பட்டபோது, தலைக்கு மேலே எல்லையில்லாமல் கிடக்கும் நைதரசனுக்குக் கீழேதான் பயிர்கள் மஞ்சளித்து நின்றன.

ஆகனும் ஈலியமும்

இவற்றை வீட்டில் பிரிக்க வழியில்லை. வளியைத் திரவமாக்கிப் பகுதிபடக் காய்ச்சி வடிக்கும்போது, மறை 196 பாகையில் நைதரசனும் மறை 183 பாகையில் ஒட்சிசனும் பிரிய, இடையே மறை 186 பாகையில் ஆகன் வருகிறது. ஆனாலும் அது கண்டுபிடிக்கப்பட்ட விதம், அளவீட்டில் கவனமாக இருக்கும்படி பிள்ளைகளுக்குச் சொல்லும்போது எடுத்துக்காட்டத் தக்கது. வளியிலிருந்து பெற்ற நைதரசன் லீற்றருக்கு 1.2572 கிராமும், அமோனியா போன்ற சேர்வைகளிலிருந்து பெற்ற நைதரசன் 1.2505 கிராமும் இருப்பதை ரேலி கண்டார். இரண்டுக்கும் வேறுபாடு அரை சதவீதம். அதைப் பிழையென்று தள்ளிவிடாமல் ராம்சேயுடன் சேர்ந்து தொடர்ந்ததனால் 1894 இல் ஆகன் வெளிப்பட்டது. கவென்டிஷ் 1785 இலேயே, எதனோடும் சேராமல் எஞ்சிய ஒரு சிறு குமிழியை, மொத்தத்தில் 120 இல் ஒரு பங்குக்கு மேற்படாதது என்று எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தார். ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

இந்த ஆகன் பெரும்பாலும் கல்லிலிருந்து வந்தது. பாறைகளிலுள்ள பொற்றாசியம்-40, 125 கோடி ஆண்டு அரைவாழ்வுக் காலத்தில் தேய்ந்து, அதன் ஒரு பகுதி ஆகனாகிறது. வேறெதனோடும் சேராததால் அது வளியிலேயே தங்கிவிட்டது. ஈலியத்தின் பிறப்பும் அத்தகையதே, ஆனால் அது மிக இலேசானதாகையால் மேலே ஏறி விண்வெளிக்குத் தப்பிவிடுகிறது. புல்மோட்டை மணலில் சிறிதளவு காணப்படும் மொனசைற்றில் தோரியம் இருக்கிறது. தோரியம் சிதைவதால் அந்த மணிகளுக்குள் ஈலியம் அடைபட்டுக் கிடக்கும். 1908 இல் ஒன்னஸ் ஈலியத்தை முதன்முதலாகத் திரவமாக்கியபோது அதற்கு வேண்டிய வாயுவை மொனசைற்று மணலைச் சூடாக்கியே பெற்றார். அது அமெரிக்காவின் வட கரோலினா மணல். அதே புல்மோட்டை மணலின் உரூத்தைலிலிருந்து தைத்தேனியம் உலோகத்தைப் பெறும் இடங்களில் ஆகன் இன்றியமையாதது. சூடான தைத்தேனியம் ஒட்சிசனை மட்டுமன்றிச் சோம்பேறி நைதரசனையும் உறிஞ்சிக் கெட்டுவிடுமாகையால், உலோகத்தை ஆகனால் மூடியே தயாரிக்கின்றனர். அலுமினியமும் துருப்பிடிக்காத உருக்கும் ஒட்டும் வெல்டிங் பட்டறைகளில் ஆகன் சிலிண்டர் நிற்பதும் இதனாலேயே.

சுண்ணாம்பு நீர்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். வெற்றிலைக்குப் பூசும் சுண்ணாம்பில் ஒரு தேக்கரண்டியை ஒரு லீற்றர் போத்தல் தண்ணீரில் கலக்கி, குலுக்கி, மூடி வைத்து, ஓர் இரவு அடைய விடுங்கள். நிறமூட்டாத வெள்ளைச் சுண்ணாம்பாகப் பார்த்து வாங்க வேண்டும். காலையில் மேலே நிற்கும் தெளிந்த நீரை அடி கலங்காமல் வேறு போத்தலில் வார்த்து உடனே மூட வேண்டும். இது கல்சியம் ஐதரொட்சைட்டின் கரைசல்.

அதில் கொஞ்சத்தை ஒரு குவளையில் ஊற்றிக் குடிகுழாயால் மெதுவாக ஊதுங்கள். உறிஞ்சிவிடாமல் இருப்பதற்குக் குழாயின் மேற்பகுதியில் ஊசியால் ஒரு துளை இட்டுவைப்பது நல்ல வழக்கம். மூச்சிலுள்ள காபனீரொட்சைட்டு கல்சியம் காபனேற்றாகப் படிந்து நீர் பால்போல் வெளுக்கும். பெரும்பாலானோர் இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாமல் இன்னும் சில நிமிடங்கள் ஊதிக்கொண்டே இருந்தால் வெண்மை மங்கி நீர் மறுபடி தெளியும். மிகுதியான காபனீரொட்சைட்டு, கரையாத காபனேற்றைக் கரையும் இருகாபனேற்றாக மாற்றிவிடுகிறது. இப்போது அந்த நீரைச் சூடாக்குங்கள். வாயு வெளியேற, வெண்மை திரும்பவும் தோன்றும்.

மூன்று நிலைகளையும் கண்டவர் பூமியின் மிகப் பெரிய காபன் களஞ்சியத்தின் கதவைத் திறந்து பார்த்தவராவார். மழைநீர் வளியின் காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு மலைப் பாறைகளை அரிக்கிறது. கரைந்த கல்சியத்தையும் இருகாபனேற்றையும் மகாவலி கொட்டியாரக்குடாவுக்குள் கொண்டுவந்து கொட்டுகிறது. கடலில் சிப்பியும் முருகையும் அவற்றை ஓடாகவும் கல்லாகவும் கட்டுகின்றன. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கல் முழுவதும் இப்படி வந்ததே. தொடக்க கால வளிமண்டலத்திலிருந்த காபனீரொட்சைட்டின் பெரும்பகுதி இவ்வாறு கல்லாகிவிட்டது. கடல் இல்லாத வெள்ளிக் கோளில் அது வளியிலேயே தங்கிவிட்டது. அங்கே வளிமண்டலத்தின் 96 சதவீதத்துக்கு மேல் காபனீரொட்சைட்டு, அமுக்கமோ நம்முடையதைப் போல ஏறத்தாழ 90 மடங்கு.

கரையில் ஒதுங்கிய வெறும் சிப்பி ஓடுகளைத் தராசில் 48 கிராம் நிறுத்து எடுங்கள். நமது அறையின் 12 லீற்றர் காபனீரொட்சைட்டுக்குச் சமமான அளவு இந்தக் கைப்பிடிக்குள் இருக்கிறது. அதில் ஒன்றை வினாகிரியில் போட்டால் அது நுரைத்து வெளிவரும். (முருகைக் கல்லைத் தேடிச் செல்ல வேண்டாம். புறாத்தீவு 2003 முதல் தேசிய பூங்கா. அங்கிருந்து ஒரு துண்டையும் எடுக்கக் கூடாது. சிப்பி இல்லையென்றால் முட்டைக் கோது போதும்.) வாயுவை அதிகமாகப் பெற வேண்டுமானால், 5 கிராம் அப்பச்சோடாவுக்கு 100 மில்லிலீற்றர் வினாகிரி சேர்த்தால் ஒன்றரை லீற்றர் வரை கிடைக்கும். அது வளியைவிட அடர்த்தியானது. குவளையைச் சாய்த்து, திரவம் சிந்தாமல், எரியும் மெழுகுதிரியின் மேல் வாயுவை மட்டும் வார்த்தால் சுவாலை அணையும். தீயணைப்புக் கருவியும் சோடாப் போத்தலும் இதே வாயுவின் பயன்கள்.

தொழிற்புரட்சிக்கு முன்னர் நமது அறையில் இவ்வாயு 8 லீற்றருக்குச் சற்றுக் குறைவாக இருந்திருக்கும். கீலிங் 1958 இல் ஹவாயின் மௌனா லோவாவில் அளக்கத் தொடங்கியபோது 9 லீற்றர் அளவு. இன்று 12. ஆண்டுதோறும் 70 மில்லிலீற்றர் அளவு கூடிவருகிறது.

கடல்நீரில் ஊதுதல்

மனிதரின் செயல்களால் வெளிவிடப்படும் காபனீரொட்சைட்டில் நான்கில் ஒரு பங்களவை கடல் ஏற்றுக்கொள்கிறது. ஊதாக் கோவாவை நறுக்கிக் கொதிநீரில் ஊறவைத்து வடித்த சாறு இதைக் காட்டும். சங்குப்பூச் சாறு அழகாக இருந்தாலும், மூச்சினால் உண்டாகும் சிறு அமிலத்தன்மையை அது தெளிவாகக் காட்டாது. ஒரு குவளையில் கடல்நீர், மற்றதில் மழைநீர் எடுத்து, இரண்டிலும் சம அளவு சாறு விடுங்கள். கடல்நீர் நீலமும் பச்சையும் கலந்த நிறம் கொள்ளும், மழைநீர் ஊதாவாகும். இரண்டிலும் ஒரே நேரம் ஊதினால் மழைநீர் விரைவில் சிவப்புப் பக்கம் சாயும். கடல்நீர் தன்னிலுள்ள காபனேற்றைக் கொண்டு அமிலத்தைத் தாங்கிக்கொண்டு மெதுவாகவே மாறும். அந்தத் தாங்கும் ஆற்றலுக்குக் கொடுக்கும் விலை காபனேற்று. அதுவே முருகைக்கு ஓடு கட்டத் தேவையான பொருளும் ஆகும். மேற்பரப்புக் கடல்நீரின் பிஎச் பெறுமானம் தொழிற்புரட்சிக்குப் பின்னர் 8.2 இலிருந்து 8.1 அளவுக்கு இறங்கியிருக்கிறது. பிஎச் மடக்கை அளவுகோலாகையால், அந்தப் புள்ளி ஒன்று ஐதரசன் அயன் செறிவில் நான்கில் ஒரு பங்குக்கு மேற்பட்ட உயர்வு. முருகை வெளிறிப்போவதை இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். வெளிறல் கடல்நீரின் வெப்பத்தால் வருவது; ஓடு கட்ட முடியாமற் போவது இன்னொரு தொல்லை.

மிஞ்சிய சுண்ணாம்பு நீரைக் கொட்டிவிடாதீர்கள். ஓர் அகலமான தட்டில் ஊற்றி, பிள்ளைகளின் கை எட்டாத உயரத்தில், அறையில் திறந்தபடி ஓர் இரவு வைத்துவிடுங்கள். யாரும் ஊதாமலே, காலையில் அதன் மேல் மெல்லிய வெண்படலம் படிந்திருக்கும். அறையின் 12 லீற்றரில் ஒரு சிறு பங்கு அப்படிக் கல்லாகியிருக்கிறது. படலத்தை வடிதாளில் எடுத்துக் காயவைத்து நிறுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு 100 மில்லிகிராமுக்கும் 44 மில்லிகிராம் காபனீரொட்சைட்டு என்று கணக்கிடலாம். அடுத்த இரவு, அதே அளவு நீரை, கதவையும் யன்னலையும் சாத்தி நான்கு பேர் உறங்கும் அறையில் வைத்து மறுபடி நிறுத்துப் பாருங்கள்.